முதல் பந்தி எழும்பல

எருக்கலங்குடி கோயில்ல ஒரு பெரிய வியாழக்கிழமை சாயங்காலம் திருவிருந்துக்கு முழங்கால் போட்ட முதல் பந்தி, பன்னெண்டு பேரும், எழும்பல. மறுநாள் பெரிய வெள்ளிக்கும் எழும்பல, ஈஸ்டருக்கும் எழும்பல, கத்திரி வெயில்லயும் எழும்பல, ஐப்பசி மழையில ஓடு ஒழுகி அவங்க தலையில சொட்டினப்பவும் எழும்பல. இன்னிக்குப் போனாலும் பார்க்கலாம், பதினொரு பேரு அப்படியேதான் இருக்காங்க. ஒருத்தங்க மட்டும் எழுந்து வந்துட்டாங்க. அவங்க எழுந்ததைத்தான் ஊர்ல இன்னும் கேவலமாப் பேசுறாங்க, அது ஏன்னு பின்னாடி சொல்றேன், அதுக்கு முன்னாடி எங்க அக்கா ரூபவதியைப் பத்திச் சொல்லியாகணும், அவ இல்லாம இது ஒண்ணுமே இல்ல.

எங்க அக்கா பஞ்சர் கடை முருகையனைக் கட்டிக்கிட்டா. அவரு கும்பிடுற சாமி வேற. ரிஜிஸ்டர் ஆபீசுல போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்தாங்க, வந்த மறு வாரமே சபைக் கமிட்டி கூடி அவளைத் திருவிருந்துலேர்ந்து விலக்கி வெச்சுது. கோயிலுக்கு வரலாம், பாட்டுப் பாடலாம், காணிக்கை போடலாம், ஆனா அப்பமும் திராட்சரசமும் கிடையாது. அவளும் விடாம வந்தா. எல்லாரும் பந்திக்குப் போறப்ப கடைசி பெஞ்சுல தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா, முருகையன் வெளியில வாதுமை மரத்தடியில சைக்கிளைச் சாத்திட்டு வாதுமைக்கொட்டையைக் கல்லுல உடைச்சுக்கிட்டு இருப்பாரு, அந்த டொக் டொக் சத்தம் பந்தி முடியிற வரைக்கும் உள்ள கேட்கும். நல்ல மனுசன். எங்க வீட்டுக்காரர் ஈசாக்கோட சைக்கிளுக்கு ஒரு நாளும் காசு வாங்கினதில்ல. எங்க வீட்டுக்காரர்தான் கோயில்ல மணி அடிச்சுப் பெருக்கி விளக்கேத்துறது, அவங்க அப்பா காலத்துலேர்ந்து அது எங்க வீட்டு வேலை, அதனாலதான் எனக்கு இவ்வளவும் தெரியும்.

பத்தொம்பது வருஷம் அப்படியே போச்சு. முருகையன் மாரடைப்புல போயிட்டாரு. அக்கா எங்க வீட்டுக்கு வந்துட்டா, வந்த கொஞ்ச நாள்லயே வயித்துல கட்டி. தஞ்சாவூர் டாக்டரு என்னைத் தனியாக் கூப்பிட்டு நாப்பது நாளு, மிஞ்சிப் போனா அம்பதுன்னு சொன்னாரு. நான் அவகிட்ட சொல்லல. அவளே சொல்லிட்டா: "ஏ சுகிர்தம், டாக்டரு உன் மூஞ்சிய வேற எங்கயாவது வெச்சுட்டு வரச் சொல்லியிருக்கலாம், எல்லாம் அதுல எழுதியிருக்கு."

அப்பதான் புதுசா பாஸ்டர் ஜீவரத்தினம் வந்திருந்தாரு, சின்ன வயசு, கண்ணாடி போட்டவரு, எதுக்கெடுத்தாலும் வேர்க்கும். அவருக்கு முன்னாடி இருந்தவரு பிரசங்கம் பண்றப்பவே பொடி போடுவாரு, தும்மல் வந்தா சபை முழுக்க ஆமேன் சொல்லும், அது ஒரு தனிக் கதை. இந்தப் பாஸ்டரு அக்காவைக் கூப்பிட்டு ரெண்டே கேள்வி கேட்டாரு. சபை முன்னாடி நிக்க வெக்கல, அழ வெக்கல. "பெரிய வியாழக்கிழமை வந்து எடுத்துக்கங்கம்மா"ன்னுட்டாரு.

எங்க கோயில்ல திருவிருந்து எடுக்கிறவங்க முந்தின நாளே பாஸ்டரு வீட்டுக்குப் போய்ப் பேரு கொடுக்கணும். புதன்கிழமை பால் வண்டி வர்றதுக்கு முன்னாடியே அக்கா போய்ப் படியில உட்கார்ந்துட்டா. பாஸ்டரு நோட்டுல முதல் பேரா ரூபவதின்னு எழுதினாரு. எழுதிட்டு, அன்னிக்குச் சாயங்காலம் சபைச் செயலாளரு ஞானாதிக்கம் பிள்ளைகிட்ட, "இந்த வருஷம் பேர் கொடுத்த வரிசைப்படி கூப்பிடலாம்னு இருக்கேன்"னாரு. எங்க வீட்டுக்காரர் மணிக்கயித்துக்கு எண்ணெய் தடவிக்கிட்டு நின்னு கேட்டிருக்காரு. பிள்ளை, "நல்லதுங்க ஐயா" அப்படின்னாராம். அவ்வளவுதான்.

இதுல என்ன இருக்குன்னு வெளியூர்க்காரங்க கேட்பாங்க. எங்க கோயில்ல பீடத்து முன்னாடி ஒரு மரக் கிராதி இருக்கு, வழவழன்னு, கப்பல் உடைச்ச தேக்குன்னு சொல்லுவாங்க, கப்பலாவது தேக்காவது, எனக்குத் தெரியாது. அதுக்குக் கீழ முழங்கால் போட ஒரு நீளப் பலகை. பலகை மேல இலவம்பஞ்சு மெத்தை, அதைத் தச்சது எங்க அம்மா, ஆனா எங்க அம்மா முழங்கால் போடுற நேரத்துக்கு அதுல பஞ்சு இருக்காது, முன்னாடி போன முழங்கால்ல அமுங்கிப் போயிருக்கும். ஏன்னா பன்னெண்டு பேரு ஒரு பந்தி. முதல் பந்தி, ரெண்டாம் பந்தி, மூணாம் பந்தி எல்லாம் மேலத்தெரு. அதுக்கப்புறம்தான் கீழத்தெரு. எங்கயும் எழுதி வெக்கல. யாரும் போர்டு மாட்டல. எல்லாருக்கும் ஒரே அப்பம், ஒரே கிண்ணம்தான், ஆனா கிண்ணம் எங்ககிட்ட வர்றப்ப அது எத்தனை வாய் பார்த்துட்டு வந்திருக்கும்னு எங்களுக்குத் தெரியும், எங்க வாய் பார்த்த பிறகு அது யார்கிட்டயும் போகாதுன்னும் தெரியும்.

வியாழக்கிழமை ஆறரை மணிக்கு ஆராதனை. அக்கா காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. என் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கிட்டு, வயித்தை முந்தானையால மறைச்சுக்கிட்டு, முதல் பேரு தன் பேருன்னு தெரிஞ்சதால தூணுக்குப் பின்னாடி இருக்கிற எங்க பெஞ்சுல ஓரமா, எழுந்து போக வசதியா, உட்கார்ந்திருந்தா. பாஸ்டரு ஆண்டவரு சீஷருங்க காலைக் கழுவினதைப் பத்திப் பிரசங்கம் பண்ணினாரு. மேலத்தெருக்காரங்க ரொம்ப உருக்கமாக் கேட்டாங்க, பிள்ளை கண்ணைக்கூடத் துடைச்சாரு. அப்பத்தையும் ரசத்தையும் ஆசீர்வாதம் பண்ணி முடிச்சு, பாஸ்டரு நோட்டை எடுத்தாரு. கண்ணாடியில வேர்வை. கழட்டி அங்கியில துடைச்சாரு.

துடைக்கிற அந்த நேரம்தான். பிள்ளை எழுந்தாரு. அவரு கூடவே பதினொரு பேரு எழுந்தாங்க, ஒத்திகை பார்த்த மாதிரி, மருந்துக் கடைக்காரரு, அவரு சம்சாரம், பிள்ளையோட தம்பிங்க, ரிட்டையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் அன்னபாக்கியம் டீச்சர், எல்லாரும் சரசரன்னு போய்க் கிராதி முழுக்க ஒரு விரக்கடை இடமில்லாம முழங்கால் போட்டுட்டாங்க. பாஸ்டரு கண்ணாடியை மாட்டிப் பார்த்தா முன்னாடி பன்னெண்டு தலை. நோட்டு கையில. வாசிக்கிறதா வேணாமா? பாவம் சின்ன வயசு, நோட்டை மூடிட்டு, கொடுக்க ஆரம்பிச்சுட்டாரு.

எங்க அக்கா பாதி எழுந்தவ திரும்ப உட்கார்ந்தா. "பரவாயில்ல, இத்தனை வருஷம் இருந்தேன், ஒரு பந்திதானே"ன்னு என் காதுல சொன்னா.

பன்னெண்டு பேருக்கும் கொடுத்து முடிச்சு, வழக்கமாச் சொல்ற மாதிரி பாஸ்டரு, "சமாதானத்தோடே போங்கள்"னாரு. யாரும் போகல. ஜெபம் பண்றாங்கன்னு எல்லாரும் காத்திருந்தோம். பாடகர் குழு பாடின பாட்டையே ஒன்பது தடவை பாடிச்சு. அப்புறம் பிள்ளை, திரும்பிப் பார்க்காமலே, "ஐயா, எழும்ப வரல"ன்னாரு, பஸ்சு வரலன்னு சொல்ற மாதிரி. மத்தவங்களும் சொன்னாங்க, "ஆமா, வரல."

ஆறு பேரு அக்குள்ல கையைக் கொடுத்துத் தூக்கினாங்க, பிள்ளையோட சட்டைதான் மேல வந்துச்சு. மறுநாள் ஆசாரி வந்து முழங்கால் பலகையைக் கழட்டிப் பார்த்தாரு. பலகை சுலபமாக் கழண்டுச்சு, அவங்க முன்ன இருந்த உசரத்துலயே அந்தரத்துல முழங்கால் போட்டபடி இருந்தாங்க, ஆசாரி பலகையைத் திரும்ப அடிச்சுட்டுக் கூலியும் வாங்காமப் போயிட்டாரு. டாக்டரு வந்து முழங்கால்ல சுத்தியால தட்டினாரு. வலி இல்ல, வீக்கம் இல்ல, நாடி நல்லா இருக்கு, எழும்பத்தான் வரலன்னு எழுதிக் கொடுத்தாரு.

எழும்ப வரலன்னா என்ன பண்றது, இருந்த இடத்துல பிழைக்க வேண்டியதுதான். பெரிய வெள்ளி மூணு மணி ஆராதனையை அவங்க தலைக்கு மேலயே நடத்தினோம். ஈஸ்டருக்கு அவங்கவங்க வீட்டுலேர்ந்து புதுத் துணி கொண்டு வந்து தோள்ல போர்த்தினாங்க. நாவிதரு வந்து வரிசையாச் சவரம் பண்ணினாரு. மருந்துக் கடைக்காரரு அங்கேர்ந்தே சீட்டுப் பார்த்து மாத்திரை பேரு சொன்னாரு. பிள்ளை பேத்திக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நடந்துச்சு. மாப்பிள்ளையும் பொண்ணும் பின்னாடி நின்னு, தாத்தா முதுகுக்கு மேல மோதிரம் மாத்திக்கிட்டாங்க, அந்தப் போட்டோவுல கீழ பன்னெண்டு ஜோடி உள்ளங்கால் வரிசையாத் தெரியும். அதுதான் எங்க சபைக்கு வந்த காட்சி, இனிமே கண்ணை மூடி ஜெபம் பண்ணித் திறந்தா அந்த இருவத்துநாலு உள்ளங்கால்தான்.

அதையெல்லாம் கழுவணுமில்ல? சட்டி எடுக்கணும், உடம்பு துடைக்கணும், துணி மாத்தணும். யாரு? மேலத்தெருவுல கூடிப் பேசி சொல்லி அனுப்பினாங்க, "கோயிலுக்குள்ள நடக்கிறது, அப்ப அது கோயில் வேலைதானே." கோயில் வேலை எங்க வீட்டு வேலை. பாடகர் குழு அங்கித் துணியில ஒரு மறைப்புக் கட்டிக் கொடுத்தாங்க, அது மட்டும் அவங்க உபயம். தினம் காலையில நானும் எங்க தெருப் பொம்பளைங்க ரெண்டு பேரும் வாளியில தண்ணி, செவப்பு சோப்பு, பீர்க்கன் நாரு எடுத்துக்கிட்டுப் போய் வரிசையா உட்கார்ந்து கால் கழுவி விடுவோம். மேலத்தெருக் காலுங்கல்லாம் வெடிப்பே இல்லாம இருக்கும்னு நினைச்சிருந்தேன். இல்ல. நம்ம காலு மாதிரிதான்.

ரெண்டாம் வாரம் பாஸ்டரு வாதுமை மரத்தடியில ஒரு மேசை போட்டு மத்தவங்களுக்குத் திருவிருந்து கொடுக்கலாம்னாரு. பிள்ளை முகம் பீடத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னாரு.

"ஐயா, ஒரு சபைக்கு ஒரே பந்திதான். பந்தியைப் பிரிச்சா அது கர்த்தருடைய சரீரத்தைப் பிரிக்கிறது. நாங்க எழும்பினதும் எல்லாரும் தாராளமா வரட்டும், நாங்க யாரையும் வேணாம்னு சொல்லலியே."

"நீங்க எப்ப எழும்புவீங்க?"

"அது எங்க கையிலயா இருக்கு?"

பாஸ்டரு மேலிடத்துக்கு எழுதினாரு. மூணு பேரு கார்ல வந்து, பன்னெண்டு பேரையும் சுத்திப் பார்த்து, பிள்ளை வீட்டுல கோழி பிரியாணி சாப்பிட்டு, வழக்கத்துக்கு மாறா அவசரப்பட வேண்டாம்னு எழுதி வெச்சுட்டுப் போனாங்க. அதுக்குள்ள வெளியூரு ஜனங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. இந்தக் காலத்துல நாலு நிமிஷம் முழங்கால் போட ஆளில்ல, இவங்க நாலு வாரமா இருக்காங்களே, என்ன பக்தி, என்ன பக்தின்னு மெழுகுவத்தி வாங்கிட்டு வந்து உள்ளங்காலுக்குப் பின்னாடி ஏத்தி வெச்சாங்க. பஸ்சுல கண்டக்டரு "முழங்கால் கோயில் எறங்கு"ன்னு கத்த ஆரம்பிச்சாரு. மெழுகு உருகி ஒட்டினதைச் சொரண்டுறதும் எங்க வேலையாச்சு.

எங்க அக்கா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அதே வெள்ளைப் புடவையில வந்து உட்கார்ந்தா. ஒவ்வொரு வாரமும் புடவைக்குள்ள ஆளு குறைஞ்சுக்கிட்டே வந்தா. பாஸ்டரு தாங்க முடியாம ஒரு நாள், "நான் வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறேன்மா, நோயாளிங்களுக்கு அப்படிக் கொடுக்கிறதுதானே"ன்னாரு.

"நடந்து வந்திருக்கேன் ஐயா, பார்த்தீங்களா, நடந்து. பந்தியில உட்கார வெக்க முடியாம பார்சல் கட்டிக் கொடுக்கிறீங்களா?"

"அப்படி இல்லம்மா..."

"வீட்டுல கொடுத்தா நானும் ஆண்டவரும் மட்டும்தான் இருப்போம். அவருக்கும் எனக்கும் இடையில என்னிக்கு ஐயா சண்டை இருந்துச்சு? வெளிய நிறுத்தினது இவங்க. இவங்க பக்கத்துல முழங்கால் போடணும், இவங்க தோளு என் தோள்ல படணும், அதுக்குத்தான் உசுரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

ஈஸ்டர் கழிஞ்சு நாப்பதாம் நாள், ஆண்டவரு பரமேறின திருநாளு, அதுவும் ஒரு வியாழக்கிழமை. காலையில ஒன்பது மணி ஆராதனைக்கு அக்காவை எங்க வீட்டுக்காரர் சைக்கிள்ல வெச்சுத் தள்ளிக்கிட்டு வந்தாரு. கொஞ்சம் பேருதான் வந்திருந்தாங்க. எனக்கு வேலை முடியல, நடுவுல இருந்த அன்னபாக்கியம் டீச்சர் காலைக் கழுவிக்கிட்டு இருந்தேன்.

டீச்சரைப் பத்தி ஒண்ணு சொல்லணும். மூணாங்கிளாசுல எங்க அக்காவுக்கு அவங்கதான் டீச்சர். பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடி அக்காவை விலக்கி வெச்ச தீர்மானத்தை நோட்டுல எழுதினதும் அவங்கதான், முத்து முத்தான கையெழுத்து. முழங்கால் போட்ட மறுநாள்லேர்ந்து அவங்க யாருகிட்டயும் வாயே திறக்கல. அன்னிக்கு நான் கழுவிக்கிட்டு இருக்கறப்ப தலையைத் திருப்பி, பெஞ்சுல இருந்த எங்க அக்காவைப் பார்த்து, கிளாசுல கூப்பிடுற மாதிரி கூப்பிட்டாங்க.

"ரூபவதி, இங்க வா. என் பக்கத்துல இடம் இருக்கு."

இடம் எங்க இருந்துச்சு? ஒண்ணும் இல்ல. சொல்லிட்டு அவங்க புடவையை ஒதுக்கிக்கிட்டு, தோளைச் சுருக்கிக்கிட்டு, இடம் பண்றதுக்கு ஒரு முழங்காலை நகர்த்தினாங்க, அது வந்துருச்சு. இன்னொண்ணும் வந்துருச்சு. டீச்சர் எழுந்து நின்னுட்டாங்க. நாப்பத்திரெண்டு நாளா மடங்கின காலு தள்ளாடிச்சு. நான் கால் கழுவிக்கிட்டு இருந்த வாளியைக் கீழ பலகை மேல, அவங்க முழங்கால் இருந்த இடத்துலயே, வெச்சுட்டு அவங்களைப் பிடிச்சு இந்தப் பக்கம் கொண்டு வந்தேன்.

கிராதியில ஒரு ஆளு இடம். நடுவுல. வெத்து இடம், என் வாளி மட்டும்.

எங்க அக்கா எழுந்துட்டா. யாரும் பிடிக்க வேணாம்னு கையைக் காட்டிட்டு, ஒவ்வொரு பெஞ்சா தொட்டுத் தொட்டு வர்றா. பாஸ்டரு அப்பத்தட்டையும் கிண்ணத்தையும் எடுத்துட்டாரு, முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு. பெஞ்சுங்க முடிஞ்சு, கிராதிக்கு ஒரு ஏழெட்டு அடி.

பக்கத்து இடம் பிள்ளையுது. அவரு திரும்பிக்கூடப் பார்க்கல. தினம் சொல்ற குரல்லதான் சொன்னாரு.

"ஏ சுகிர்தம், அந்த வாளியை எடு."

எடுத்துட்டேன்.

நினைச்சு எடுக்கல. நாப்பத்திரெண்டு நாளா எடுன்னா எடுத்தேன், வைன்னா வெச்சேன், அதுக்கு முன்னாடி நாப்பது வருஷமும் அப்படித்தான், கை தானாப் போயிருச்சு. நான் வாளியை எடுத்த உடனே பிள்ளை இந்தப் பக்கத்துலேர்ந்து நகர்ந்தாரு. அந்தப் பக்கத்துலேர்ந்து மருந்துக் கடைக்காரரு சம்சாரம் நகர்ந்தாங்க. அவங்களுக்குப் பின்னாடி மத்தவங்களும் ஆளுக்குக் கொஞ்சமா நகர்ந்தாங்க. பலகை கிறீச்னுச்சு. ஆறு ஆம்பளை தூக்கி அசையாத உடம்பு, டாக்டரு சுத்தியால தட்டி அசையாத முழங்கால், அது எண்ணெய் போட்ட மாதிரி நகர்ந்துச்சு. இடம் மூடிக்கிச்சு. பதினொரு பேரும் தோளோட தோளா, நல்லா வசதியா.

எங்க அக்கா அவங்க முதுகுக்குப் பின்னாடி வந்து நின்னா. அந்தப் பக்கம் பாஸ்டரு கிண்ணத்தோட நிக்கிறாரு, இந்தப் பக்கம் இவ. டீச்சர் அழுதுக்கிட்டே, "தலைக்கு மேல கையை நீட்டிக் கொடுத்துடுங்க ஐயா, வாங்கிக்கட்டும்"னாங்க. பாஸ்டரு நீட்டினாரு. அக்கா வாங்கல. அந்த முதுகுங்களையே பார்த்துக்கிட்டு இருந்தா. பாஸ்டரு பழக்கத்துல வாயில வந்ததைச் சொல்லிட்டாரு.

"சமாதானத்தோடே போங்கள்."

"எங்கன்னும் சொல்லிடுங்க ஐயா"ன்னா எங்க அக்கா.

சொல்லிட்டுத் திரும்பி, வந்த மாதிரியே பெஞ்சுங்களைத் தொட்டுத் தொட்டு வெளிய போனா. சைக்கிள்ல உட்கார வெச்சப்ப என் கையிலேர்ந்த வாளியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் போயிட்டா. கடைசியா பாஸ்டரு வீட்டுக்கு அப்பமும் ரசமும் எடுத்துக்கிட்டு ஓடி வந்தாரு, அக்கா வாயை இறுக்கி மூடிக்கிட்டா, நாங்க எல்லாம் நினைவு தப்பிருச்சுன்னு நினைச்சோம், நினைவெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு அடக்கம். பெட்டியைக் கோயிலுக்குள்ள கொண்டு போக வேணாம்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. டீச்சர் மட்டும் மேலத்தெருவுலேர்ந்து வந்தாங்க, கைத்தடி ஊனிக்கிட்டு. அவங்களைத்தான் இப்ப ஊர்ல சொல்றாங்க, ஆண்டவரு தேர்ந்தெடுத்த பன்னெண்டுல ஒண்ணு வெளிய விழுந்துருச்சு, நாப்பது நாளைக்கு மேல அவங்க பக்தி தாங்கல, முழங்கால்ல கிருபை இல்லன்னு. வெளியூர்லேர்ந்து வர்றவங்களுக்கு அவங்க வீட்டைக் கைகாட்டிச் சொல்றாங்க.

திங்கக்கிழமை காலையில நான் வாளியை எடுத்துக்கிட்டுப் போனேன். போகாம என்ன பண்றது, வீட்டுக்காரர் வேலை போனா வீடும் போயிரும், அது கோயில் வீடுதான். மறைப்பைக் கட்டி, முதல்ல பிள்ளைகிட்ட உட்கார்ந்தேன். தண்ணி ஊத்தினதும் கேட்டாரு.

"நேத்து ஏன் நீ வரல?"

"அடக்கம்ங்கய்யா."

"யாரு?"

"எங்க அக்காங்கய்யா. ரூபவதி."

தலையைக் குனிஞ்சாரு. ஜெபம் பண்றாரோன்னு நினைச்சேன்.

"பாவம். கடைசிக் காலத்துல திருவிருந்து எடுத்துட்டுத்தானே போனா?"

அவரு விளையாட்டுக்குக் கேட்கல. குரலு நிஜமா இளகியிருந்துச்சு. குதிகால்ல சோப்பைப் போட்டு நாரால தேய்ச்சேன், வெடிப்புல கறுப்பு இருந்துச்சு, அது போக மாட்டேங்குதுன்னு அழுத்தித் தேய்ச்சேன், இன்னும் அழுத்தி.

"வலிக்குது சுகிர்தம், மெதுவா"ன்னாரு.

மெதுவாத்தான் தேய்ச்சேன்.